ஒட்டு இறுகும் வரை

லதுஷா வள்ளத்தை உப்புவெளிக் கரைக்குக் கொண்டுவந்தபோது அதில் ஒரு நெத்தலிகூட இல்லை.

கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சித்தப்பா பாக்கியரத்தினத்தின் வாய் சும்மா கிடக்குமா?

“நான் அப்பவே சொன்னனான். பொம்பிளை ஏறின வள்ளத்துக்கு மீன் படாது.”

 அவள் தலை குனியவில்லை. சிரிக்கிறவர்கள் சிரித்து முடிக்கட்டும் என்று வள்ளத்தின் விளிம்பில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

அப்பா சூசைப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. கடலுக்குப் போகவென்று விடிய வந்தவர், நங்கூரத்தில் நின்ற வள்ளத்தைக் காணாமல், வெயில் ஏறும்வரை அங்கேயே நின்று மகளைத் திட்டித் தீர்த்திருந்தார்.

மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து, வீடு திரும்பி ஒரு கிழமைதான். நெஞ்சுவலி போய்விட்டதாம். இனிக் கடல்தான் வேண்டுமாம்.

டொக்டர் படித்துப் படித்துச் சொன்னார். இதயத்தில் ஒரு துண்டுத் தசை செத்துப்போயிற்று. இரத்தத்தின் வெள்ளணுக்கள் முதலில் ஓடிவந்து செத்ததைத் தின்று துப்புரவாக்கும். பிறகு வருகிற கூட்டம் தழும்பு கட்ட உதவும். அது இறுகும்வரை அந்த இடம் மெல்லிசு. வலி இல்லையென்று நங்கூரம் இழுத்தால் கிழிந்தாலும் கிழியும்.

எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டினார் சூசைப்பிள்ளை. கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் அவர்.

போன வருடம் பாறையில் அடிபட்டு இதே வள்ளத்தின் அடி கிழிந்தபோது, பழுதானதைச் சுரண்டி எடுத்துப் பைபர் ஒட்டுப் போட்டவரும் அவர்தான். ஒட்டு இறுகும்வரை, நல்ல மீன்பாட்டு நாளிலும் வள்ளத்தைத் தண்ணீரில் இறக்க விடவில்லை.

வள்ளத்துக்கு ஒரு நியாயம், தன் நெஞ்சுக்கு ஒரு நியாயமா? லதுஷாவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அப்பா செத்துப்போய்விடுவார் என்ற பயமும் வந்தது.

சூசைப்பிள்ளை முழங்காலளவு தண்ணீரில் இறங்கி, திட்டுவதற்கு வாயைத் திறந்தபடி வள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

ஒரு செதில் இல்லை. நனைந்திருந்தது நங்கூரக் கயிறு மட்டும்.

வலையை அவள் ஏற்றவே இல்லை. கரை முனைக்கு அப்பால், யார் கண்ணிலும் படாமல் நங்கூரம் போட்டு, கடலுக்குப் போகிற நேரம் தப்பும்வரை சும்மா இருந்துவிட்டு வந்திருக்கிறாள்.

அவர் மகளைப் பார்த்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை.

பின்னால் சிரிப்பு இன்னும் ஓயவில்லை. சூசைப்பிள்ளை கரைப்பக்கம் திரும்பினார்.

“என்னத்துக்குச் சிரிக்கிறியள்? நாளைக்கும் இவள்தான் போவாள்.”

வலையைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை.