துவைக்காத சட்டை

விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் கல்லுடைக்கிறவன் வரப்பில் குனிந்து எண்ணினான். பீன்ஸில் இன்னும் மூன்று வரிசை போயிருந்தது.

முயல் தின்றால் கத்தியால் சீவியதுபோல் இருக்கும். இது பிய்ந்து தொங்கியது. மானுக்கு மேலே முன்பல் கிடையாது, இழுத்துப் பிய்க்கத்தான் தெரியும்.

ஈர மண்ணில் பிளந்த குளம்பு. பக்கத்திலேயே குட்டிக் குளம்பு. குடும்பத்தோடு விருந்துக்கு வந்து போயிருக்கின்றன.

இரண்டு தடவை விதைத்து இரண்டும் மான் வாய்க்குத்தான் போயிற்று. இது வீட்டில் இருந்த கடைசி விதை. இதுவும் போனால், சம்மட்டியைப் போட்டுவிட்டு நிலத்தோடு இருந்துவிடலாம் என்ற பேச்சையே இனி எடுக்க முடியாது.

என்னதான் செய்யவில்லை? தகர டப்பா கட்டினான். மூன்றாம் நாள் அந்தச் சத்தத்துக்குத் தலையாட்டிக்கொண்டே தின்றன. முள்ளை வெட்டிப் போட்டான். தாண்டின. கடைசியில், மான் கணக்கெடுக்க வந்த வனக்காவலரிடம் போய் நின்றான்.

"போட்டுக் கழட்டுன சட்டையத் துவைக்காம வேலியில மாட்டுப்பா. மனுஷ வாடை பட்டா கிட்டயே வராது."

அன்றிலிருந்து, குவாரியில் நாளெல்லாம் சம்மட்டி அடித்த சட்டையை அப்படியே வேலிக்கம்பில் மாட்டினான். வியர்வை காய்ந்து முதுகில் வெள்ளை வெள்ளையாய்ப் பூத்து, சட்டை விறைத்து நிற்கும். ஒன்று போதாதென்று இரண்டு மாட்டினான். பிறகு நான்கு. மான் கூடியதே தவிரக் குறையவில்லை.

போன மாதம் நாலு நாள் காய்ச்சலில் படுத்தான். நாற்றம் தாங்காமல் மனைவி வேலியில் இருந்ததையெல்லாம் உருவி வந்து சோப்புப் போட்டுக் கும்மிவிட்டாள். எழுந்ததும் ஊரே கேட்கிற மாதிரி கத்தினான்.

அவள் துணியை உதறிக் கயிற்றில் போட்டுக்கொண்டே சொன்னாள்: "நீ போகாத நாலு நாளும் ஒரு கொழுந்துகூடப் போகலய்யா. உன்னப் பாக்கத்தான் வருதுங்கபோல. எல்லாம் உங்கம்மா வழிச் சொந்தமா இருக்கும்!"

அந்தச் சிரிப்பு இன்னும் காதில் குத்தியது. மறுநாளே பிடிவாதமாக நான்கு கம்பிலும் அழுக்குச் சட்டையை மாட்டினான்.

வரிசையின் கோடியில் ஏதோ அசைந்தது.

கல்லை எடுத்தான். கல்லில் அவன் கை தப்பாது.

பெண்மான். செடியில் வாய் வைக்கவில்லை. அவன் முந்தாநாள் மாட்டிய சட்டையின் அக்குளில் மூக்கைப் புதைத்து, கண்ணை மூடி, நக்கிக்கொண்டிருந்தது. தொங்கிய சட்டைக்கையைக் குட்டி வாயில் வைத்துச் சப்பியது. பக்கத்துக் கம்பிலிருந்த சட்டையில் வெள்ளையாய் உப்புப் பூத்த இடமெல்லாம் அலசியதுபோல் சுத்தம்.

போதுமென்று தோன்றியதும் வாய் மாற்றத்துக்கு ஒரு கொழுந்தைப் பிய்த்தது.

ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றது. தொண்டையில் வந்த வசவு யாருக்கு என்று அவனுக்கே தெரியவில்லை.

நேற்று முழுக்கச் சம்மட்டி அடித்த சட்டையோடுதான் அவன் நின்றிருந்தான். முதுகுப் பக்கமிருந்து காற்று வீசியது.

மான் தலையைத் தூக்கி மோந்தது.

ஓடவில்லை. குட்டியையும் கூட்டிக்கொண்டு அவனைப் பார்த்து நடந்து வந்தது.