பொறாமை: பொருளும் எடுத்துக்காட்டும்

“இந்தப் பதவியும் அவளுக்குத்தான் போகப்போகுது, பாத்துக்கிட்டே இரு!”

போனில் மனைவியிடம் பொருமினார் சீனியர். அகராதி தயாரிக்கும் அந்த ஆபீஸில் வாட்ச்மேன் முதல் ஆசிரியர் வரை எல்லாருக்கும் அவர் சீனியர்தான்.

“எவளுக்கு?”

“வேற யாரு? அந்தப் புதுசு!”

புதுசு வேலைக்குச் சேர்ந்து ரெண்டு வருஷம் ஓடிவிட்டது. சீனியர் வாயில் மட்டும் அவள் இன்னும் புதுசு.

“ஏங்க, நீங்களும் போட்டியில இருக்கீங்கல்ல?”

“எங்க இருக்கேன்? சீட்டு குலுக்கிப் போட்டு, ஆளுக்கொரு சொல்லுக்குப் பொருள் எழுதச் சொன்னாங்க. அந்த வாரம் பூரா உன் ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில உக்காந்திருந்தேன். எழுதாதவனைத் துணையாசிரியராப் போடறதுக்கு அவங்களுக்கு என்ன பைத்தியமா?”

“என்னாலதான் எல்லாம்...”

“சேச்சே, உன்னை யாரு சொன்னா? வேளாவேளைக்கு மாத்திரையைப் போடு, வெச்சுடறேன்.”

போனை வைக்கவும் பக்கத்து அறையிலிருந்து ஆசிரியரின் குரல் வரவும் சரியாக இருந்தது.

“அடடா! உங்க கை பட்டாலே சொல்லுக்கு உயிர் வந்துடுதும்மா!”

சீனியருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எத்தனை வருஷம் இதே மேஜையில் கண் பூத்துப்போக உழைத்திருக்கிறார்! ஒருநாளாவது அந்த ‘அடடா’ இந்தப் பக்கம் வந்திருக்குமா? நேற்று முளைத்தவளுக்குத் தினமும் ஒரு அடடா!

கொஞ்ச நேரத்தில் ஆசிரியரே ஒரு தாளோடு வந்து நின்றார்.

“சீனியர், போட்டிக்கு வந்ததுல இது ஒண்ணு. பேரை எடுத்துட்டுத்தான் டைப் அடிச்சிருக்கு. யார் எழுதினதுன்னு எனக்கே தெரியாது. நீங்கதான் எழுதலையே, படிச்சுட்டு மனசுல பட்டதைச் சொல்லுங்க. உங்க பேச்சுதான் முடிவு.”

சீனியர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

‘ஏக்கம்: அடுத்தவருக்கு இருப்பது தனக்கும் வேண்டும் என்பது. பொறாமை: தனக்கு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அடுத்தவருக்கு இருக்கக் கூடாது என்பது. அது வயிற்றில் இறங்கினால் வயிற்றெரிச்சல். வாயில் ஏறினால் கரித்துக்கொட்டுதல். கைக்கு வந்துவிட்டால் குழிபறித்தல்.’

ஐயோ, என்னமாய் எழுதியிருக்கிறாள்! இந்த ஆபீஸில் இப்படி எழுத வேறு யார் இருக்கிறார்கள்? சந்தேகமே இல்லை, புதுசுதான்.

ஒரு கமாவாவது இடம் மாறியிருக்காதா என்று இன்னொரு தடவை துழாவினார். ஊஹூம். அதுதான் அவரை இன்னும் எரிய வைத்தது. நமக்குத்தான் இல்லை என்று ஆகிவிட்டது. இவளுக்கு மட்டும் எதற்கு?

“என்ன சீனியர், எப்படி இருக்கு?”

“சொன்னா வருத்தப்படுவீங்க.”

“பரவாயில்ல, சொல்லுங்க.”

“சுத்த அரைவேக்காடு சார். அகராதின்னா என்னன்னே தெரியாத ஆள் எழுதினது. வயிறாம், வாயாம், கையாம்... இதென்ன வைத்தியப் புத்தகமா?”

“எனக்கென்னவோ ரொம்பப் பிடிச்சிருந்தது...”

“மேலோட்டமாப் பாத்தா அப்படித்தான் சார் இருக்கும். இந்த ஆளைத் துணையாசிரியராப் போட்டா நம்ம மானம் கப்பலேறிடும்.”

“அவ்வளவு மோசமா?”

“இனிமே இந்த ஆளை எந்தப் போட்டியிலயும் சேர்க்காதீங்கன்னுதான் சொல்வேன்.”

ஆசிரியர் பெருமூச்சு விட்டார். தாளின் குறுக்கே சிவப்புப் பேனாவால் ஒரு கோடு இழுத்தார்.

“உங்க அனுபவத்துக்கு முன்னாடி நான் என்ன பேசறது? இதை ஒதுக்கிடறேன்.”

அவர் போன பிறகு சீனியருக்கு வயிறு குளுகுளுவென்று இருந்தது. தண்ணீர் குடித்தார். ஏதோ பாட்டுக்கூட முணுமுணுத்தார்.

“சார்...”

புதுசு. கதவருகே தயங்கித் தயங்கி நின்றாள்.

“வீட்ல அம்மாவுக்கு இப்ப எப்படி சார் இருக்கு?”

“தேவலை.” சீனியர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “வேற என்ன?”

“உங்களைக் கேக்காம ஒரு காரியம் பண்ணிட்டேன். கோவிச்சுக்க மாட்டீங்களே?”

“முதல்ல விஷயத்தைச் சொல்லும்மா.”

“உங்களை விட்டா இந்தப் பதவிக்கு யாரு சார் இருக்காங்க? அதனால நான் போட்டியில சேரவே இல்ல. ஆனா நீங்களும் எழுதாம, பதவி கைவிட்டுப் போயிடுமோன்னு மனசு கேக்கல. நீங்க லீவுல இருந்தப்ப குலுக்கின சீட்டுல உங்களுக்குப் ‘பொறாமை’தான் வந்திருந்தது. ஆஸ்பத்திரியில அலைஞ்சுக்கிட்டிருந்தீங்களேன்னு, உங்க பேரைப் போட்டு நானே எழுதிக் குடுத்துட்டேன் சார்.”