மூன்றாவது கல்லூரி

என் தம்பி மகளுக்கு ஒரே ஆசை. சைக்கிள் பந்தயத்தில் முதலாவதாக வந்து, பக்கத்துத் தெருக் கல்லூரியில் இலவச இடம் வாங்க வேண்டும். மதியம் வீட்டுக்கே வந்து சாப்பிடலாமே.

"வண்டி கனமா இருக்குப்பா" என்றாள். தம்பி தையல்காரன். பெல், கேரியர், ஸ்டாண்ட் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி, வண்டியை ஹேங்கரில் மாட்டுகிற அளவுக்கு இலேசாக்கிவிட்டான்.

இறக்கச் சாலையில் பந்தயம். அவள்தான் முதல். பிரின்சிபால் சேர்க்கைக் கடிதத்தை நீட்டினார். அவள் வாங்காமல் அவரைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தாள்.

"உங்க வீட்டுப் பொண்ணுக்கு இவ்வளவு திமிரா சார்?" என்று என்னிடம் கேட்டுவிட்டு, கடிதத்தைக் கிழித்துப் போட்டார்.

அடுத்த ஊர்க் கல்லூரியிலும் அன்று பந்தயம். நடுவில் புகுந்து அங்கேயும் முதலாவதாக வந்தாளாம். அந்தக் கோப்பையையும் திரும்பிப் பார்க்கவில்லையாம்.

சாயங்காலம் போன் செய்தாள். அதற்கும் அடுத்த ஊர்க் கல்லூரியில், அவள் வந்த வேகத்தைப் பார்த்து உடனே இடம் கொடுத்துவிட்டார்களாம்.

தம்பிக்கு அழுகையே வந்துவிட்டது. "பக்கத்துக் காலேஜுக்கு என்னம்மா குறைச்சல்? அவ்வளவு தூரம் போய் எதுக்கு சேந்த?"

"இங்கதாம்பா மேடு வந்துச்சு. பிரேக்கையும் சேத்துக் கழட்டிட்டீங்களே."