ரெண்டே சீட்டு

“ராத்திரி பூரா வீட்டுக்கு வரலைங்க!” சனயேவுக்கு அழுகை முட்டியது.

“தேடத்தானே கிளம்புறேன்?” ரியோஹெய் புதுக் கார் சாவியை எடுத்தான்.

“கார் பெரிய கார்! ரெண்டே சீட்டு. கொமுகிக்கு எங்க இடம்? கோவிச்சுக்கிட்டான் புள்ள.”

ரியோஹெய் வாசலில் நின்ற காரிடம் போனான். ஜப்பானின் நாகானோ குளிரில், சூட்டுக்காக இன்ஜினுக்குள் பதுங்கும் பிராணிகளை விரட்ட எல்லோரும் செய்வதுபோல முன் பானெட்டைப் படபடவென்று தட்டினான். சத்தமில்லை. ஏறி உட்கார்ந்து சாவியைப் போட்டான்.

“ஐயோ, திருப்பாதீங்க! இதுல இன்ஜின் சீட்டுக்குப் பின்னாடின்னு நேத்து பீத்திக்கிட்டீங்களே!”

பதறி இறங்கியவன் பின்மூடியைத் திறந்தான்.

“மியாவ்!” இன்ஜின்மேல் சுருண்டிருந்த கொமுகி சோம்பல் முறித்தான்.

“இடமில்லைன்னியே...” சிரிக்கப் பார்த்தான் ரியோஹெய். சாவியைப் பையில் போட்டுவிட்டு இரண்டு கையாலும் கொமுகியைத் தூக்கி அணைத்துக்கொண்டான்.