மூச்சு வாங்கும் இடம்

செவ்வாய்க்கிழமை மாலை பாட்டு வகுப்புக்கு ஞானசேகர் தன் மனைவியின் குரலைக் கொண்டுவந்து, அவள் எப்போதும் உட்காரும் பாயில் வைத்தார். பூங்கோதை இறந்து ஆறு மாதமாகிறது. உள்ளங்கை அளவுப் பெட்டிக்குள் இருந்த அவள் குரல் இன்னும் பாட்டுக் கற்றுக்கொண்டிருந்தது.

“வீட்ல பழைய பாட்டையே பாடுறா, புதுசைத் தொடவே இல்ல டீச்சர். உயிரோட இருந்தப்பவும் இதே சோம்பல்தான்,” என்று சிரித்தார்.

டீச்சர் நிருபமா சுருதிப்பெட்டியைப் போட்டாள். குரல் பாடியது. வழக்கம்போல இரண்டாவது வரியின் நடுவில் நின்று மூச்சு வாங்கியது. எல்லா மாணவர்களிடமும் சொல்வதை அவள் பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டாள்.

“அக்கா, நடுவுல மூச்சு வாங்காதீங்க.”

குரல் மறுபடி பாடியது. இரண்டாவது வரி தடையின்றி ஓடியது. பாட்டு முடியும்வரை எங்குமே மூச்சுச் சத்தம் இல்லை.

ஞானசேகரின் முகம் வெளிறிப்போனது. “டீச்சர், அந்த மூச்சைக் கேட்டாத்தான் அவ பக்கத்துல உக்காந்திருக்கிற மாதிரி இருக்கும். திரும்ப வரச் சொல்லுங்க.”

“அக்கா, அங்க மூச்சு வாங்குங்க,” என்றாள் நிருபமா.

குரல் பணிவாக அதே இடத்தில் நின்றது. ஒரு மூச்சு நேரம் சத்தமே இல்லாமல் இருந்துவிட்டு, மேலே பாடியது.