நகரத் தாங்கியில் நீரில்லை

“தாங்கி எங்க கிடக்குது, பிள்ளை?”

வந்தவர் வாசலைத் தாண்டுமுன்னரே கேட்டுவிட்டார். கையில் தாள்கள் செருகிய மட்டை, காதில் செருகிய பேனா. ஊர்காவற்றுறைக் காட்சிசாலையின் பொறுப்பாளர் மேரிசுகந்தி, பூனையின் காலடி கேட்ட எலியைப் போல நிமிர்ந்தாள்.

யாழ்ப்பாணத்திலிருந்து அதிகாரி பரிசோதனைக்கு வருகிற நாள் அது. சனம் வராத இடம் என்று அவர் எழுதிவிட்டால் கதவுக்குப் பூட்டு விழும். அவளுடைய வேலையும் போகும். சென்ற மாதம் வந்தவர்கள் மொத்தம் ஒன்பது பேர். அவர்களில் அறுவர் வெயிலுக்கு ஒதுங்கியவர்கள். மூவர் காரைநகர் வள்ளத்தைத் தவறவிட்டவர்கள்.

“வாங்கோ சேர், இதுதான்” என்று நடுமேசையிலிருந்த மாதிரியுருவைக் காட்டினாள். களிமண்ணாற் செய்த பழைய நகரம்; மேட்டிலே நீர்த்தாங்கி; அதிலிருந்து வீதி வீதியாக இறங்கும் குழாய்கள்.

வந்தவர் குனிந்து பார்த்தார். “வடிவா விளங்குது. தாங்கி எவ்வளவு பிடிக்கும்?”

“இருபதினாயிரம் கலன் சேர்!” பாடமாக்கி வைத்திருந்தது கைகொடுத்தது.

“அப்ப பயமில்லை. வாகனம் கிட்டப் போகுமோ?”

“அந்தக் காலத்தில மாட்டுவண்டியே போனது சேர்.”

“மாடு போனா என்ரையும் போகும்.”

அதிகாரி பகிடிக்காரர்தான் என்று மேரிசுகந்தி வேண்டியதற்கு மேலாகவே சிரித்தாள். சிரித்த கையோடு குறையையும் சொல்லிவிடுவது நல்லது என்று பட்டது.

“தண்ணி விட்டா இந்தக் குழாயெல்லாம் ஓடும் சேர். உவர்த்தண்ணி எண்டா அடைச்சுப்போடும். ‘நகரத் தாங்கியில் நீரில்லை, நல்லதண்ணீர் தந்துதவவும்’ எண்டு யாழ்ப்பாணக் கந்தோருக்கு எழுதினனான்.”

“அந்தக் கடிதத்தைப் பார்த்துத்தானே என்னை அனுப்பினவை!”

ஒரு கடிதத்துக்கு இவ்வளவு மரியாதையா! கதிரையை இழுத்துப் போட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒரேயொரு போத்தல் நல்லதண்ணீரில் நெல்லிரசம் கரைத்துக் கொடுத்தாள். அவர் ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

“கெதியா முடிப்பம் பிள்ளை. வெளியில சனம் வரிசையில நிக்குது.”

“எங்கட வாசலிலயோ சேர்?”

“வேற எங்க? ஆஸ்பத்திரி வரைக்கும் நிக்குது. அடிபடுற சத்தம் கேக்கேல்லையோ?”

கேட்டது. அவர் சாத்திவிட்டு வந்த கதவுக்கு அப்பால், “நான்தான் முதல் வந்தனான்!” “தள்ளி நில்லடி!” என்று ஒரே அமளி. காட்சிசாலையைப் பார்க்க இத்தனை ஆவலா! மேரிசுகந்தி மனதுக்குள் மாதாவுக்கு மெழுகுதிரி நேர்ந்தாள்.

அவர் மட்டையை நீட்டினார். “இதில கையெழுத்து வையும்.”

“அறிக்கையோ சேர்?”

“என்ன சேர்? நான் தண்ணிப் பவுசர் றைவர் பஸ்ரியாம்பிள்ளை. நாலாயிரம் லீற்றர் நல்லதண்ணி கொண்டந்திருக்கிறன். பொம்மையில காட்டினது போதும். மெய்யான தாங்கி எந்தப் பக்கம் எண்டு சொல்லும்!”

கடிதத்தில் ‘மாதிரியுரு’ என்ற சொல்லை எழுத மறந்தது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கதவைத் திறந்தாள். ஊரிலுள்ள வாளிகளும் குடங்களும் அத்தனையும் அங்கே நின்றன. உடனே திரும்பி, பார்வையாளர் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

“தண்ணி இஞ்சதான் தருவம் அக்காமார்! ஆனா உள்ள வந்து பார்த்து, கையெழுத்து வைச்சிட்டுத்தான் வாளியை நீட்டலாம்!”

அன்றைய நூற்றுப் பதினாறாவது கையெழுத்து, அந்த வரிசையில் வெறுங்கையோடு நின்ற ஒரே மனிதருடையது: “உள்ளே வர ஒன்றரை மணி நேரம் காத்து நின்றேன். இந்தக் காட்சிசாலைக்கு இன்னொரு வாசல் அவசியம். – பரிசோதனை அதிகாரி, யாழ்ப்பாணம்.”