சிவப்புச் சீட்டு

கோடாலியை ஓங்கிப் பிடித்தபடி மொட்டை ஓடி வந்தான். அவனுக்குப் பின்னால் பழைய சாமான் அறையின் கதவு திறந்து ஆடியது. வெறுங்கையால் பூட்டைப் பிய்த்ததில் விரல்களிலிருந்து ரத்தம் சொட்டியது.

மஞ்சள் கோடு போட்ட நடைபாதையின் நடுவில் வேஸ்ட் சார் நின்றிருந்தார். வீண் செலவைக் குறைக்கிற லீன் மேனேஜர் என்பதுதான் பதவி. எதைப் பார்த்தாலும் வேஸ்ட் என்று சிவப்புச் சீட்டு ஒட்டுவதால் தொழிலாளர்கள் வைத்த பெயர் அது. ‘நாளைக்கு நம்ம நிழலுக்கும் ஒட்டுவாரு பாரு’ என்று கேன்டீனில் சிரிப்பார்கள்.

மொட்டைக்கு அவர்மேல் இருந்த ஆத்திரம் ஆலைக்கே தெரியும். சரக்கு நகர்த்தும் மூன்றாம் பெல்ட்டில் இரண்டு ஆள் எதற்கு என்று அவனை மூட்டை தூக்க அனுப்பியவர் அவர். ஓர் ஆள் போதும் என்று காட்ட, தாயில்லாததால் தானே வளர்த்த தன் தம்பியை அங்கே தனியாக நிறுத்தினார்.

போன வாரம், பெல்ட்டுக்குப் பக்கத்துத் தூணில் தொங்கிய இந்தக் கோடாலிக்கும் சீட்டு ஒட்டினார். மொட்டை குறுக்கே வந்து நின்றான்.

“அது அங்கேயே இருக்கட்டும் சார்.”

“கடைசியா எப்போ எடுத்தே?”

“எடுத்ததே இல்ல சார். எடுக்கிற நாள் வரவே கூடாதுன்னுதான் வேண்டிக்கிறோம்.”

“ஆறு வருஷமா சும்மா தொங்குது. அப்போ வேஸ்ட்தானே?”

“ஒரு நாளைக்குத் தெரியும் சார்.”

கோடாலி அன்றே பழைய சாமான் அறைக்குள் போய்ப் பூட்டு விழுந்தது. அத்தனை பேர் முன்னால் அப்படிச் சொன்னவன்தான் இப்போது பாய்ந்து வந்துகொண்டிருந்தான்.

வாயைப் பிளந்து என்னவோ கத்தினான். இரைச்சலுக்காகக் காதை மூடியிருந்த இயர் மஃப்புக்குள் வேஸ்ட் சாருக்கு ஒன்றும் கேட்கவில்லை. சுவர்ப் பலகையில் மூன்றாம் பெல்ட்டின் விளக்கு சிவப்பாக எரிந்தது. ஓடுகிற பெல்ட்டையும் நிறுத்திவிட்டா வருகிறான், பாவி!

மொட்டையின் கண்கள் அவர் முகத்தில் இல்லை. அவர் தோளைத் தாண்டி எங்கோ வெறித்தன. புத்தி பேதலித்தவன் பார்வை.

வேஸ்ட் சார் கைக்கு அகப்பட்ட இரும்புக் குழாயை எடுத்தார். முதல் அடியில் மணிக்கட்டு முறிந்து கை தொங்கியது. கோடாலியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு அவன் மறுபடி முன்னால் பாய்ந்தான். இரண்டாவது அடி தலையில் இறங்கியது.

வாட்ச்மேன் ஓடி வந்து அவன் முதுகில் ஏறி அமர்ந்தான். முகத்தைத் தரையோடு வைத்து அடித்தான். மஞ்சள் கோடு சிவந்தது. அப்போதும் மொட்டையின் இடது கை கோடாலியை நோக்கி ஊர்ந்தது. வேஸ்ட் சார் அந்த விரல்களை பூட்ஸால் மிதித்துத் திருகினார்.

பிறகுதான் மூச்சு வாங்கிக்கொண்டு இயர் மஃப்பைக் கழற்றினார்.

“என்னையாடா வெட்ட வந்தே? என்னையா?”

மொட்டை உடைந்த பல்லைத் துப்பினான்.

“பெல்ட்டை வெட்டுங்க சார்... உங்க தம்பி உள்ள மாட்டிக்கிட்டாரு.”